பேசும் பொறியும் பேசாத நாவும்



தொட்டிலில் கிடக்கும் குழந்தை எந்த இலக்கண நூலைப் படித்துவிட்டு 'அம்மா' என்று அழைக்கிறது? முதலில் அது பல மாதங்கள் காது கொடுத்துக் கேட்கிறது. பிறகு மழலையாகச் சொல்லிப் பார்க்கிறது. தவறாகச் சொன்னால், தாய் சிரித்துக்கொண்டே சரியாகச் சொல்லிக் காட்டுகிறாள். கேட்டல், சொல்லுதல், திருத்தம் பெறுதல் என்னும் இம்மூன்றும் ஓயாமல் நடைபெறுவதாலேயே குழந்தைக்குத் தாய்மொழி கைவருகிறது.

அயல்மொழி கற்க முற்படும் பெரியவர்களாகிய நாமோ, இம்மூன்றையும் விட்டுவிட்டு நேரே புத்தகக் கடைக்குப் போகிறோம். புத்தகம் சொல்லின் பொருளைக் கூறும். அச்சொல்லை ஒலித்துக் காட்டாது. அந்த மொழியைப் பேசுவோர் பக்கத்து வீட்டில் இருந்தால் கவலை இல்லை. அப்படி ஒருவரும் இல்லாத ஊரில் இருப்பவர் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்கு விடையாகத் தோன்றியவையே ஒலிப்பதிவுப் பாடங்கள். மெழுகு உருளை, இசைத்தட்டு, ஒலிநாடா, கைப்பேசி எனப் பல வடிவங்களை அவை எடுத்திருக்கின்றன. அவற்றின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இன்றைய உரையின் நோக்கம். தாய் செய்யும் மூன்று வேலைகளில் பொறி எவற்றைச் செய்தது, எதைச் செய்யத் தவறியது என்னும் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே இதனைப் பார்ப்போம்.

1877ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மென்லோ பார்க் என்னும் ஊரில், தாமஸ் ஆல்வா எடிசன் பேசும் பொறியை உருவாக்கினார். சுழலும் உருளையின்மேல் மெல்லிய வெள்ளீயத் தாளைச் சுற்றி, அதன்முன் ஒரு குழந்தைப் பாட்டைச் சொன்னார். ஊசி அந்த ஒலியின் அதிர்வைத் தாளில் கீறிற்று. உருளையை மீண்டும் முதலிலிருந்து சுழற்றியபோது, சொன்ன பாட்டுத் திரும்ப ஒலித்தது. மனிதக் குரல் காற்றோடு போய்விடாமல் நின்றது வரலாற்றில் அதுவரை காணாத அற்புதம்.

இந்தப் பொறியால் என்ன பயன் என்று பலரும் கேட்டனர். 1878ஆம் ஆண்டில் அமெரிக்க இதழ் ஒன்றில் எடிசனே அதற்கு ஒரு பட்டியல் தந்தார். கடிதங்களைச் சொல்லிப் பதிதல், பார்வையற்றோருக்குப் பேசும் புத்தகம், இசை, பேசும் பொம்மை ஆகியவற்றோடு, பேச்சுக்கலை கற்பித்தலும், மொழிகளின் உச்சரிப்பை உள்ளபடியே காத்து வைத்தலும் அப்பட்டியலில் இடம்பெற்றன. ஆகவே, பேசும் பொறியை ஆசிரியராக்கும் எண்ணம் அப்பொறி பிறந்த உடனேயே பிறந்துவிட்டது எனலாம். ஆனால் வெள்ளீயத் தாள் சில முறை ஓட்டியதுமே தேய்ந்து கெட்டுவிடும். அதில் பாடம் நடத்த இயலவில்லை. அடுத்த பத்தாண்டுக் காலத்தில் மெழுகு உருளை வந்த பிறகே அதற்கு வழி பிறந்தது.

இவ்விடத்தில் நாம் பென்சில்வேனியா மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்கே ஸ்கிராண்டன் என்பது ஒரு நகரம். சுரங்க விபத்துகளைக் குறைக்கும் பொருட்டு 1885இல் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. சுரங்கத்தில் மேற்பொறுப்பு வகிப்போர் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. பகலெல்லாம் நிலத்தடியில் உழைக்கும் தொழிலாளி எந்தப் பள்ளிக்குப் போய்ப் படிப்பான்? தாமஸ் ஃபாஸ்டர் என்னும் பத்திரிகை ஆசிரியர் அதற்கு ஒரு வழி கண்டார். 1891இல் அவர் சுரங்கத் தொழிலாளருக்கு அஞ்சல்வழிப் பாடம் தொடங்கினார். அதுவே வளர்ந்து, அனைத்துலக அஞ்சல்வழிக் கல்வி நிலையம் என்று உலகெங்கும் பெயர் பெற்றது.

இந்நிலையம் 1900களின் தொடக்கத்தில் எடிசனின் பொறியைக் கொண்டு பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய மொழிகளைக் கற்பிக்க முற்பட்டது. மாணவருக்குப் பாடநூலும் பேசும் பொறியும் பாடம் பதிந்த உருளைகளும் அனுப்பப்பட்டன. ஓர் உருளையில் ஏறக்குறைய இரண்டு நிமிடப் பேச்சே அடங்கும். வியப்புக்குரிய செய்தி இதுவன்று. மெழுகு உருளைப் பொறி பேசுவதோடு நிற்காமல், கேட்பதைப் பதிவும் செய்யும். எனவே மாணவர் வெற்று உருளை ஒன்றில் தம் குரலைப் பதிந்து, அதனை அஞ்சலில் ஸ்கிராண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஆசிரியர் அதைக் கேட்டு, எந்த ஒலி பிசகியது, எந்தச் சொல் சரியாக வந்தது என்று திருத்தி எழுதினார். பதிந்த மெழுகை மெல்லச் சீவிவிட்டால் அதே உருளை மறுபடியும் பயன்படும்.

சற்று எண்ணிப் பாருங்கள், நேயர்களே! கேட்டல், சொல்லுதல், திருத்தம் பெறுதல் ஆகிய மூன்றும் அந்த எளிய ஏற்பாட்டில் இருந்தன. இடையிலே சில நாள்கள் கழிந்தன என்பது மட்டுமே குறை.

ஆனால் வரலாறு எப்போதும் நேர்கோட்டில் செல்வதில்லை. 1887இல் எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டுக் கருவிக்கு உரிமம் கோரினார். ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை அழுத்தி எடுக்கலாம். உருளையைவிட அவை மலிவு. அடுக்கி வைப்பதும் எளிது. நாளடைவில் இசைத்தட்டு உருளையை வென்றது. அந்த வெற்றியில் ஓர் இழப்பும் இருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. வீட்டில் இருந்த இசைத்தட்டுக் கருவி பேசும், ஆனால் கேட்காது. மாணவர் தம் குரலைப் பதியும் வாய்ப்பு அதனோடு போயிற்று. தாயின் மூன்று வேலைகளில் இரண்டு கைவிடப்பட்டு, ஒன்று மட்டும் எஞ்சியது.

எஞ்சிய அந்த ஒன்றைச் சிறப்பாகச் செய்தவர்கள் உண்டு. ஜாக் ராஸ்டன் என்பவர் 1901இல் இலண்டனில் நிறுவிய லிங்குவாஃபோன் நிலையம் அவற்றுள் முதன்மையானது. அந்நிலையத்துப் பாடங்களைத் தயாரிக்கவும் பேசவும் மொழியியல் அறிஞர்கள் அமர்த்தப்பட்டனர். 1930இல் வெளிவந்த ஆங்கில உரையாடல் பாடத்தில், ஒலியியல் பேராசிரியர் ஆர்தர் லாயிட் ஜேம்சுடன் சேர்ந்து புகையிலைக் கடை உரையாடலில் குரல் கொடுத்தவர், ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் டோல்கியன். பிற்காலத்தில் மாயக்கதை நாவல்களால் உலகப் புகழ் பெற்றவர் அவரே.

அதற்கு முன்பே, 1927இல், நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா அதே நிலையத்திற்காகப் பேச்சு ஆங்கிலத்தைப் பற்றி ஓர் உரையைப் பதிந்து தந்தார். அதில் அவர் முதலில் சொன்ன எச்சரிக்கை சுவையானது. கருவியின் வேகத்தைச் சரியாக அமைக்காவிட்டால், நீங்கள் கேட்பது என் குரலே அன்று என்னும் கருத்தை அவர் கூறினார். மேலும், எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரே சரியான ஆங்கிலம் என்று ஒன்று கிடையாது என்றார். அயல்நாட்டார் இலண்டனில் மிகத் துல்லியமாகப் பேச முயல்வதைவிட, கொஞ்சம் உடைந்த ஆங்கிலத்தில் பேசினால் விரைவில் புரிந்துகொள்ளப்பட்டு உதவியும் பெறுவர் என்றும் வேடிக்கையாக அறிவுறுத்தினார். மொழிப் பாடத் தட்டிலேயே இப்படிச் சொன்னதுதான் ஷாவின் குறும்பு! ஆயினும் அதில் ஓர் உண்மை உண்டு. பிழைக்கு அஞ்சி வாய் மூடி இருப்பவரைவிட, பிழையோடு பேசத் துணிந்தவரே மொழியைக் கற்கிறார்.

அடுத்த பெரிய திருப்பம் இரண்டாம் உலகப் போரில் வந்தது. உலகின் பல மூலைகளுக்குத் தன் வீரர்களை அனுப்பவேண்டியிருந்த அமெரிக்கா, அவ்விடத்து மொழிகளைப் பேசத் தெரிந்தவர் தன்னிடம் மிகக் குறைவு என்பதைக் கண்டது. 1942இல் படையினருக்கான சிறப்புப் பயிற்சித் திட்டம் ஒன்று அமைக்கப்பட்டது. 1943இன் தொடக்கத்திற்குள் 55 பல்கலைக்கழகங்கள் அதில் ஈடுபட்டன. சிறு சிறு வகுப்புகள். தாய்மொழியாகப் பேசுவோர் ஒருவர். அவரை வழிநடத்த ஒரு மொழியியல் அறிஞர். நாள் முழுவதும் பேச்சுப் பயிற்சி. இதுவே அதன் முறை. பேராசிரியர் லெனார்ட் புளூம்ஃபீல்டு போன்ற மொழியியலாரின் கருத்துகள் அதற்கு அடிப்படையாயின.

வகுப்புக்கு வர இயலாத வீரருக்குப் பாடநூலும் இசைத்தட்டுகளும் தயாராயின. அவ்வரிசையில் நம் நாட்டு மொழியும் இடம்பெற்றது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இசிடோர் டையன் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதிய பேச்சு மலாய்ப் பாடநூல் 1945இல் வெளிவந்தது. மலாய் மொழியை ஒருமுறையும் கேட்டறியாத அமெரிக்க இளைஞர், இசைத்தட்டின் வாயிலாக அதைக் கேட்டுப் பழகத் தொடங்கினர். போர்க்காலத் திட்டம் ஏறத்தாழ ஈராண்டுகளே நீடித்தது. ஆனால் 'கேட்டுப் பழகு, சொல்லிப் பழகு' என்னும் அதன் முறை, போருக்குப் பின் பள்ளிகளுக்குள் நுழைந்தது.

அவ்வேளையில் புதிய துணை ஒன்றும் கிடைத்தது. 1935இல் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்டிய காந்த ஒலிநாடாக் கருவி, போருக்குப் பின் அமெரிக்காவிலும் பரவிற்று. நாடாவில் பதியலாம், அழிக்கலாம், மீண்டும் பதியலாம். உருளையோடு போன வாய்ப்பு நாடாவோடு திரும்பி வந்தது. மாணவர் ஆசிரியரின் குரலையும் தம் குரலையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிட முடிந்தது. இவ்வாறு மொழிப் பயிற்சிக் கூடங்கள் தோன்றின.

1957 அக்டோபர் 4இல் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைத் துணைக்கோளை விண்ணில் செலுத்தியது. அறிவுப் போட்டியில் பின்தங்கிவிட்டோமோ என்று கலங்கிய அமெரிக்கா, 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. அறிவியலுக்கும் கணிதத்திற்கும் மட்டுமின்றி, அயல்மொழிக் கல்விக்கும் அதில் பணம் ஒதுக்கப்பட்டது. பள்ளிதோறும் மொழிக்கூடங்கள் எழுந்தன. மரத் தடுப்புகளுக்கிடையே, காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு, மாணவர் ஒரே வாக்கியத்தைப் பலமுறை திரும்பச் சொன்னார்கள். மொழி என்பது பழக்கம். பழக்கம் திரும்பச் செய்வதால் வரும் என்பதே அன்றைய கொள்கை.

அக்கொள்கைக்கு விரைவிலேயே அடி விழுந்தது. 1959இல் நோம் சோம்ஸ்கி, உளவியலறிஞர் ஸ்கின்னரின் நூலை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், பழக்கம் ஒன்றால் மட்டும் மொழியை விளக்க முடியாது என்று வாதிட்டார். மனிதன் முன்பு கேட்டிராத வாக்கியங்களை அன்றாடம் புதிதாக ஆக்குகிறான் அல்லவா? 1963இல் ரேமண்ட் கீட்டிங் என்பவர் நியூயார்க் வட்டாரப் பள்ளிகளில் பிரெஞ்சு பயின்ற மாணவரை ஆராய்ந்து, மொழிக்கூட வசதி பெற்றோர் மற்றவரைவிட மேம்படவில்லை என்று அறிவித்தார். அம்முடிவை மறுத்தவர் பலர். எனினும், விலையுயர்ந்த கருவியை வாங்கி வைத்தாலே மொழி வந்துவிடும் என்ற நம்பிக்கை தளர்ந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? இதற்கு நம் அனுபவத்திலிருந்தே ஒரு சான்று கூற விரும்புகிறோம்.

நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது அங்கும் ஒரு மொழிக்கூடம் இருந்தது. பல வாரங்கள் நாடாவில் வந்த ஆங்கில வாக்கியங்களைக் கேட்டுக் கேட்டுத் திரும்பச் சொன்னோம். நன்றாகவே சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு நாள் விரிவுரையாளர், நம் குரலைப் பதிந்து, அதை நாடாவின் குரலுக்கு அடுத்ததாக ஓட்டிக் காட்டினார். 'வெஜ்டபல்' என்று நாடா சொன்னது. 'வெஜி-டேபிள்' என்று நம் குரல் சொன்னது. காய்கறிக்குள் ஒரு மேசையை நுழைத்து, அதை ஆண்டுக்கணக்காக நாம் சுமந்து வந்திருக்கிறோம்! வகுப்பு சிரித்தது. நமக்கு முகம் சிவந்தது. அந்தச் சொல்லை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் எத்தனையோ முறை சரியான ஒலிப்பில் கேட்டிருந்தோம். கேட்டது நம்மைத் திருத்தவில்லை. நம் குரலை நாமே கேட்டதும், ஒருவர் பக்கத்தில் நின்று சுட்டிக்காட்டியதுமே திருத்தின.

பிறகு தோட்டப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தபோது இதன் பொருள் இன்னும் ஆழமாகப் பட்டது. செம்பனைக் காட்டின் நடுவே உள்ள பள்ளியில், பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் என்பது ஆசிரியரின் வாயிலிருந்து வருவது மட்டுமே. அன்று அந்த மேசையை நாம் இறக்கி வைக்காமல் வந்திருந்தால், ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுவதும் அதைச் சுமந்திருப்பார்கள். மொழிக்கூடத்தின் தோல்வி நாடாவின் தோல்வியன்று. கருவியை ஓட்டிவிட்டு, யாரும் காது கொடுக்காமல் போனதன் தோல்வியே அது.

இனி, நாடாவை வகுப்பறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த கதைக்கு வருவோம். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம், லூ ஓட்டன்ஸ் என்னும் பொறியாளரின் தலைமையில் உருவான சிறிய ஒலிப்பேழையை பெர்லின் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. கேசட் என்று நாம் அறிந்தது அதுவே. சட்டைப் பையில் அடங்கும் அந்தப் பேழையால், மொழிப் பாடம் சமையலறைக்கும் மகிழுந்துக்கும் சென்றது.

அதே காலத்தில் பால் பிம்ஸ்லூர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், பாடத்தின் அமைப்பையே மாற்ற முனைந்தார். அவர் இரண்டு கேள்விகளை எழுப்பினார். கேட்ட சொல் ஏன் மறந்துபோகிறது? திரும்பச் சொல்லும் மாணவர் ஏன் சிந்திப்பதில்லை?

முதல் கேள்விக்கு 1967இல் வெளியிட்ட கட்டுரையில் விடை தந்தார். ஒரு சொல்லை மறக்கும் தறுவாயில் நினைவூட்டினால், அடுத்த முறை அது நீண்ட நேரம் நிற்கும் என்பது அவர் கருத்து. ஆகவே 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 5 மணி, 1 நாள், 5 நாள், 25 நாள், 4 மாதம், 2 ஆண்டு என இடைவெளியை ஏறத்தாழ ஐந்து மடங்காகப் பெருக்கிக்கொண்டே போகும் அட்டவணையை வகுத்தார்.

இரண்டாம் கேள்விக்கு அவர் கண்ட வழி இன்னும் எளியது. பேழையிலுள்ள குரல் விடையை முதலில் சொல்வதில்லை. 'நிலையம் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கேட்பீர்கள்?' என்று வினவிவிட்டு மௌனமாகிறது. அந்தச் சில விநாடிக்குள் மாணவர் தாமே எண்ணிச் சொல்ல வேண்டும். அதன்பின் சரியான விடை ஒலிக்கும். தாம் சொன்னதை அதனோடு ஒப்பிட்டு, மாணவர் தம்மைத் தாமே திருத்திக்கொள்வார். பிம்ஸ்லூர் 1976இல் காலமானார். ஆனால் அவர் விட்டுச்சென்ற அந்த மௌனம் மிகப் பெரிய கொடை என்று நாம் கருதுகிறோம். பேசும் பொறி பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான், கேட்பவர் நாவுக்கு இடம் கிடைத்தது.

இன்று இவை அனைத்தும் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. பாடம் சொல்கிறது, நம் குரலைப் பதிகிறது, சரியா, தவறா என்றுகூடச் சில செயலிகள் கூறுகின்றன. ஸ்கிராண்டனுக்கு உருளையை அனுப்பிவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தவர் இதைக் கண்டால் வியந்து போவார். ஆயினும், பாடத்தை ஓடவிட்டு வாய் திறக்காமல் இருப்பவருக்கு, மெழுகு உருளையும் கைப்பேசியும் ஒன்றே.

ஆதலால், அயல்மொழி கற்க விரும்பும் நேயர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நம் வேண்டுகோள் மூன்று. முதலாவது, பாடத்தைக் கேட்கும்போது இடையிடையே நிறுத்தி, விடையை உரக்கச் சொல்லுங்கள். மனத்திற்குள் சொல்வது கணக்கில் வராது. இரண்டாவது, வாரத்திற்கு ஒருமுறையாவது உங்கள் குரலைப் பதிந்து, பாடத்தின் குரலுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். முகம் சிவக்கலாம், அதனால் கேடில்லை. மூன்றாவது, அந்த மொழி அறிந்த ஒருவரிடம் அதைப் பேசிக் காட்டுங்கள். சீன மொழி கற்பவர் சந்தையில் கடைக்காரரிடமும், மலாய் கற்பவர் பக்கத்து வீட்டாரிடமும் இரண்டு வாக்கியம் பேசட்டும். உலகத்தார் இசைத்தட்டில் தேடிய குரல்கள், பல மொழியினர் கூடி வாழும் நம் நாட்டில் நம் வீதியிலேயே கிடைக்கின்றன.

பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை புதிய மொழியில் தட்டுத் தடுமாறிப் பேசும்போது சிரித்து அடக்கிவிடாதீர்கள். தொட்டில் பருவத்தில் அப்பிள்ளையின் மழலையைத் திருத்திய அதே பொறுமையோடு கேளுங்கள். உங்களுக்கு அம்மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்பதற்கு ஒருவர் உண்டு என்று அறிந்தாலே, பேசாத நாவும் பேசத் தொடங்கும்.